5% வளர்ச்சியில் புதிய சட்டங்களின் பங்கு எவ்வளவு? (இலங்கை, 2022க்குப் பின்)

பனங்கூடல் (கேள்வி)

இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2022இல் 7.3%, 2023இல் 2.3% எனச் சுருங்கி, 2024இல் 5% வளர்ந்தது. இந்த இடைவெளியில் சட்டங்கள் வரிசையாக வந்தன: மத்திய வங்கிச் சட்டம் (2023இன் 16ஆம் இலக்கம்), ஊழல் எதிர்ப்புச் சட்டம் (2023இன் 9), பொதுக் கடன் முகாமைச் சட்டம் (2024இன் 33), பொது நிதி முகாமைச் சட்டம் (2024இன் 44).

நிறுவனங்களைச் சீர்திருத்தியதால்தான் வளர்ச்சி திரும்பியது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். பள்ளத்தில் விழுந்தவன் எழும்பி நின்றால் அது வளர்ச்சியா என்று மற்றச் சாரார் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் எண்களைவிடக் கோஷம்தான் கூட.

எனக்குத் தெரிய வேண்டியது: ஒரு சட்டம் எந்த வழியால் போய் வளர்ச்சியைத் தொடுகிறது? சட்டப் புத்தகத்தில் இருப்பது உண்மையில் வேலை செய்கிறதா என்பதை வெளியில் இருந்து பார்ப்பவர் எதை வைத்துச் சொல்லலாம்? 2003இலும் ஒரு நிதிப் பொறுப்புச் சட்டம் இருந்ததே, அது ஏன் 2022ஐத் தடுக்கவில்லை? கொள்கை விளக்கம் வேண்டாம், பொறிமுறை வேண்டும்.

---

ஏலப்புதன்

மத்திய வங்கிச் சட்டத்தில் இருந்து தொடங்குகிறேன். சட்டத்துக்கும் வளர்ச்சிக்கும் இடையிலான கம்பி அங்கேதான் வெளியே தெரிகிறது.

பழைய முறை இப்படி ஓடியது. திறைசேரி உண்டியல் (அரசு குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) ஏலம் வழமையாகப் புதன்கிழமை. அரசு 50 பில்லியன் கேட்கிறது என்று வையுங்கள். 2020, 2021இல் மத்திய வங்கி ஏலத்துக்கு முன்பே "இதற்கு மேல் வட்டி ஏற்க மாட்டோம்" என்று உச்ச வீதத்தை அறிவித்தது. கொள்கை வட்டியும் அப்போது அடிமட்டத்தில்: வங்கிகள் மத்திய வங்கியில் வைக்கும் பணத்துக்குக் கிடைக்கும் துணைநில் வைப்பு வசதி வீதம் 2020 ஜூலையில் 4.5%. பணவீக்கத்தையும் நாணய ஆபத்தையும் கணக்குப் போட்ட வங்கிகள் அந்த விலைக்கு வாங்க விரும்பவில்லை. 20 பில்லியனுக்குத்தான் கேள்வி (வாங்க விருப்பம்) வருகிறது. மீதி 30 பில்லியனை மத்திய வங்கியே முதல்நிலைச் சந்தையில், அதாவது அரசிடமிருந்து நேரடியாக, வாங்கி அரசின் கணக்கில் வரவு வைக்கிறது. அரசு அதைச் சம்பளமாகவும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பனவாகவும் செலவழித்ததும் அது வங்கிகளின் மேலதிகத் திரவத்தன்மையாக (கையிலுள்ள உபரிக் காசாக) மாறி, கடனாகி, இறக்குமதிக் கேள்வியாக வெளியே வருகிறது. டொலரை 200 ரூபாய்க்குக் கிட்ட பிடித்து வைத்திருந்ததால் அந்தக் கேள்விக்கு வெளிநாட்டு நாணய ஒதுக்கிலிருந்துதான் டொலர் கொடுக்க வேண்டியிருந்தது.

முடிவு தெரிந்ததே. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த ஒதுக்கு 2022 மார்ச் இறுதியில் 1.9 பில்லியன். அதிலும் 1.5 பில்லியன் அளவு சீன மத்திய வங்கியின் நாணய மாற்று. கையில் எடுத்துச் செலவழிக்க முடியாதது. மறுபக்கம், மத்திய வங்கியிடம் இருந்த அரச பிணையங்கள் (அரசின் உண்டியல்களும் முறி எனும் நீண்டகாலக் கடன் பத்திரங்களும்) 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 இறுதியில் 2,500 பில்லியனைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெருக்கடியின் பெரும்பாதி விளங்கிவிடும்.

இது சட்டவிரோதமாக நடந்ததா? இல்லை. 1949இன் நாணய விதிச் சட்டம் இடம் கொடுத்தது. ஐந்து பேர் கொண்ட நாணயச் சபையில் திறைசேரிச் செயலாளரும் ஒருவர், அதாவது கடன் கேட்பவர் கடன் கொடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருந்தார். இவை போக, ஆண்டு வருமான மதிப்பீட்டில் 10% வரை தற்காலிக முற்பணம் வேறு. ஆறு மாதத்தில் திருப்ப வேண்டியது. நடைமுறையில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட்டது.

2023 செப்டெம்பர் 15 முதல் மாறியவை: முதல்நிலைச் சந்தையில் அரச பிணையம் வாங்குவதற்குத் தடை. திறைசேரிச் செயலாளர் சபையில் இல்லை. நிர்வாகத்துக்கு 7 பேர் கொண்ட ஆளும் சபை, வட்டித் தீர்மானத்துக்கு 11 பேர் கொண்ட நாணயக் கொள்கைச் சபை. ஆளுநரின் பதவிக்காலம் 6 ஆண்டு, நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். நிதியமைச்சருடன் எழுத்தில் செய்த உடன்படிக்கைப்படி பணவீக்க இலக்கு 5%. இரண்டு காலாண்டு தொடர்ந்து 2 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

இதில் கடைசி விதி ஏற்கெனவே இயங்கிவிட்டது, அதுவும் எல்லோரும் பயந்த திசைக்கு எதிராக. 2024இன் இரண்டாம், மூன்றாம் காலாண்டுகளில் பணவீக்கம் 3%க்கும் கீழே போனது, அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போனது. சின்ன விசயம்தான். ஆனால் கேட்காமலே ஒரு நிறுவனம் விளக்கம் கொடுத்தது இந்த நாட்டில் புதுப் பழக்கம்.

வளர்ச்சிக்கு இது போகும் வழி வட்டி. வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கும் முதன்மைக் கடன் வழங்கல் வீதம் 2022 இறுதியில் 27%ஐத் தாண்டியிருந்தது. 10 மில்லியன் ரூபாய்க்கு இயந்திரம் வாங்கக் கடன் எடுத்தால் ஆண்டு வட்டி மட்டும் 2.7 மில்லியன். அந்த விலைக்கு இலாபம் தரும் உற்பத்தித் தொழில் அரிது, அரச உண்டியல் வாங்கிவிட்டுச் சும்மா இருப்பதே புத்திசாலித்தனம். 2025 நடுப்பகுதியில் அதே வீதம் 8% அளவில். 8.5% என்று வைத்தாலும் வட்டி 850,000. தொழில் தொடங்குவதா விடுவதா என்ற கணக்கே மாறிவிடுகிறது.

---

கணக்குப்பிள்ளை

ஏலப்புதன் சொன்னதில் பொறிமுறை சரி. ஆனால் வட்டி இறங்கியதை முழுக்கச் சட்டத்தின் கணக்கில் எழுதக்கூடாது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தினோம், டொலர் அழுத்தம் அங்கேயே பாதி குறைந்தது. மக்கள் வாங்கும் சக்தி விழுந்ததால் கடன் கேள்வியும் இல்லை. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி வட்டி உயர்த்தியதன் விளைவும் அதிலே இருக்கிறது. அது புதிய சட்டத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பு, பழைய சட்டத்தின் கீழ், புதிய ஆளுநர் எடுத்த முடிவு. இறங்கியதற்கு ஆள் காரணம், ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) காரணம், கடன் நிறுத்தம் காரணம். சட்டத்தின் பங்கு, இறங்கிய வட்டி மறுபடி ஏறாமல் இருப்பதில்.

முதலில் 5%ஐக் கணக்குப் போட்டுவிடுவோம். 2021ஐ 100 என்று எடுங்கள். 2022 முடிவில் 92.7. 2023 முடிவில் 90.6. 2024இல் 5% கூட்டினால் 95.1. 2025க்கும் 5% போட்டால் 99.9. ஆக, நான்கு ஆண்டு ஓடி 2021க்குத் திரும்பி வந்திருக்கிறோம். நெருக்கடி இல்லாமல் ஆண்டுக்கு 3% என்ற சுமாரான வேகத்தில் போயிருந்தாலே 112.6 இருந்திருக்கும். அந்தப் பதின்மூன்று புள்ளி இன்னும் கைக்கு வரவில்லை. இந்த 5%ஐ வைத்துச் சட்டத்தைப் புகழ்வதும் தவறு, பழிப்பதும் தவறு. மூடிக் கிடந்த ஆலை திறந்தால், டீசல் கிடைத்தால், இவ்வளவு வரத்தான் செய்யும்.

இனி 2003 பற்றி. நிதி முகாமைத்துவ (பொறுப்பு) சட்டம், 2003இன் 3ஆம் இலக்கம். பற்றாக்குறையை 2006க்குள் 5%க்குக் கொண்டுவா, கடனை 85%க்குள் வை, பின்பு 2013க்குள் 60% என்று எழுதியிருந்தது. எழுத்தில் குறை சொல்ல முடியாது. தவறியது மூன்று இடத்தில் என்பேன்.

இலக்கு தவறினால் யாருக்கும் எதுவும் ஆகாது. இலக்கையே மாற்றலாம், அதற்குத் தேவை சாதாரணப் பெரும்பான்மை மட்டும். அரச நிறுவனங்களின் கடனுக்கு அரசு கொடுக்கும் உத்தரவாதத்தின் வரம்பைப் பாருங்கள்: தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.5%, 2013இல் 7%, 2016இல் 10%, 2021இல் 15%. வரம்பு மீறப்படவே இல்லை, ஏனென்றால் மீறும் நேரம் வரும்போதெல்லாம் வரம்பு நகர்ந்தது. இரண்டு வேறு வேறு ஆட்சிகள் இதைச் செய்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அரசு தன் கணக்கில் கடன் எழுதாமல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின், மின்சார சபையின் பேரில் அரச வங்கிகளில் எழுதியது. சட்டம் மத்திய அரசின் பற்றாக்குறையை அளந்தது. ஓட்டை இருந்தது பக்கத்து அறையில்.

2024இன் சட்டம் பற்றாக்குறைக்குப் பதிலாக வட்டி தவிர்ந்த செலவுக்கு உச்சவரம்பு போடுகிறது: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13%. இது கெட்டிக்காரத்தனமான மாற்றம். பற்றாக்குறை இலக்கை வருமான மதிப்பீட்டை ஊதிப் பெருப்பித்துக் காகிதத்தில் நிறைவேற்றலாம், வரவு செலவுத் திட்டங்களில் ஆண்டாண்டாக நடந்தது அதுதான். செலவை அப்படி ஊத முடியாது, காசோலை போனது போனதுதான்.

ஆனால் இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. சம்பளம், ஓய்வூதியம், அஸ்வெசும நலன்புரி உதவித்தொகை இவற்றை ஆண்டு நடுவில் வெட்ட முடியாது. உச்சவரம்பு நெருங்கும்போது வெட்டுப்படுவது வீதி, நீர்ப்பாசனம், பாடசாலைக் கட்டடம். மூலதனச் செலவை வெட்டினால் யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள். நீண்டகால வளர்ச்சிக்கு வேண்டியது அதுதான் என்பது வேறு கதை. உறுதிநிலைக்காகப் போட்ட விதி வளர்ச்சியைக் கடிக்கும் இடம் இது. 13%க்குள் மூலதனச் செலவுக்குத் தனிக் கீழ்வரம்பு ஒன்று வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

---

மின்மானி

பக்கத்து அறை என்று கணக்குப்பிள்ளை சொன்ன இடத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். விலை நிர்ணயத்தில்தான் நிறுவனத்தின் பலம் பலவீனம் பச்சையாகத் தெரியும்.

மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002இன் சட்டத்திலேயே இருக்கிறது. 2009இன் மின்சாரச் சட்டம் செலவைப் பிரதிபலிக்கும் கட்டணம் என்றே பேசியது. இருந்தும் 2014 செப்டெம்பரில் 25% குறைத்த பிறகு 2022 ஓகஸ்ட் வரை, கிட்டத்தட்ட எட்டு ஆண்டு, கட்டணம் திருத்தப்படவில்லை. ஆணைக்குழு இருந்தது, சூத்திரம் இருந்தது. அதை இயக்கு என்று சொல்ல வேண்டியவர்களுக்குத் தேர்தல் இருந்தது.

அந்த எட்டு ஆண்டு இழப்பு எங்கே போனது என்றால்: மின்சார சபை எரிபொருளுக்குப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் காசு கட்டவில்லை. கூட்டுத்தாபனம் அந்த ஓட்டையை இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் டொலர் கடனாக எடுத்து அடைத்தது. ரூபாய் 200இலிருந்து 360க்குப் போனபோது அந்தக் கடன் ரூபாயில் ஏறத்தாழ இரட்டிப்பானது, கடைசியில் திறைசேரி அதைத் தன் தலையில் எடுத்துக்கொண்டது. எட்டு ஆண்டு சின்னச் சின்னதாகக் கூட்டியிருக்க வேண்டியதை 2022 ஓகஸ்டில் சராசரி 75%, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66% என்று ஆறு மாதத்தில் இறக்கினார்கள். ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை, குளிரூட்டிய கடலுணவு ஏற்றுமதி இவற்றுக்கெல்லாம் அந்த அடி மரண அடி.

எரிபொருளிலும் இதே கதை. 2018 மேயில் விலைச் சூத்திரம் வந்தது. 2019 இறுதியில் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. 2022இல் மறுபடி வந்தது.

இப்போதைய ஒழுங்கும் பழுதற்றது இல்லை. 2023 மேயில் ஆணைக்குழுவின் தலைவரைப் பாராளுமன்றமே வாக்கெடுப்பில் நீக்கியது. அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பதைவிட, கட்டணத்தில் அரசோடு முரண்படும் ஒழுங்குபடுத்துநருக்கு என்ன ஆகும் என்பதை முதலீட்டாளர் அன்று பார்த்துக்கொண்டார். 2025 ஜனவரியில் கட்டணம் 20% குறைந்தது, செலவு அடங்கவில்லை, ஜூனில் 15% கூட்ட வேண்டி வந்தது. ஜனவரிக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் ஜூன் தேவைப்பட்டிருக்காது. தொழிற்சாலைக்காரருக்குக் கட்டணம் உயர்வாக இருப்பதைவிட ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் ஆடுவது தொல்லை. ஏற்றுமதி ஓடருக்கு விலை சொல்வது ஆறு மாதம் முன்கூட்டி.

---

பனங்கூடல்

நன்றி. ஒரு விசயம் உறுத்துகிறது. 2003 சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையால் நகர்த்தினார்கள் என்றால், 2023, 2024 சட்டங்களையும் அதே சாதாரணப் பெரும்பான்மையால் நகர்த்தலாமே? 2024 நவம்பரில் 225இல் 159 ஆசனம் ஒரே கட்சிக்குக் கிடைத்தது, அரசியலமைப்பையே மாற்றலாம். அப்படியிருக்க இதை எப்படி "நிலைத்த நிறுவனம்" என்பது?

---

கணக்குப்பிள்ளை

சட்டப்படி நகர்த்தலாம், சந்தேகமே வேண்டாம். அரசியலமைப்பிலேயே நடந்ததைப் பாருங்கள்: சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான அரசியலமைப்புப் பேரவையை 17ஆம் திருத்தம் (2001) கொண்டுவந்தது, 18 (2010) எடுத்துவிட்டது, 19 (2015) திருப்பிக் கொண்டுவந்தது, 20 (2020) மறுபடி எடுத்தது, 21 (2022) மறுபடி கொண்டுவந்தது. மூன்றில் இரண்டு தேவைப்பட்ட விதிக்கே இந்தக் கதி. மத்திய வங்கி ஆளுநரின் நியமனம் இப்போது தொங்குவதும் இதே பேரவையில்தான்.

ஆகவே கேட்க வேண்டியது, மாற்றினால் என்ன செலவு, அது எவ்வளவு சீக்கிரம் தெரியும் என்பதை. 2019 டிசெம்பரை எடுங்கள். 2016க்குப் பிந்திய சீர்திருத்தம் பலன் தந்துகொண்டுதான் இருந்தது: வற் (பெறுமதி சேர் வரி) 15%, 2017இன் புதிய உள்நாட்டு இறைவரிச் சட்டம், 2018இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6% முதன்மை மிகை (வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் செலவைவிட வருமானம் கூட). தேர்தல் முடிந்த சில நாளில் அமைச்சரவை முடிவெடுத்து, வற் 15%இலிருந்து 8%, வற் பதிவு எல்லை ஆண்டுக்கு 12 மில்லியனிலிருந்து 300 மில்லியன், சம்பளத்தில் கழிக்கும் வரி நீக்கம். வருமான வரி மாற்றங்கள் "சட்டத் திருத்தம் பின்னர் வரும்" என்ற இறைவரித் திணைக்கள அறிவித்தலோடு நடைமுறைக்கு வந்தன. திருத்தச் சட்டம் சான்றுப்படுத்தப்பட்டது 2021 மேயில்! ஒன்றரை ஆண்டு அறிவித்தலிலேயே ஓடியது. வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2019இல் 11.6%, 2020இல் 8.1%, 2022இல் 7.3%.

வீதத்தைக் குறைத்தது ஒரு பிழை என்றால் எல்லையை 300 மில்லியனாக்கியது அதைவிடப் பெரியது. வற் என்பது சங்கிலி. மொத்த வியாபாரி பதிவில் இருந்தால்தான் அவரிடம் வாங்கிய சில்லறைக்காரர் உள்ளீட்டு வரியைக் கழிக்க விலைப்பட்டியல் கேட்பார், திணைக்களத்துக்கு இரண்டு பக்கக் கணக்கும் கிடைக்கும். நடுவில் ஒரு அடுக்கு முழுதாக வெளியேறினால் தடயம் அறுந்துவிடும். வீதத்தை ஒரு வர்த்தமானியில் 12, 15, 18 என்று ஏற்றலாம். அறுந்த தடயத்தை அப்படி ஒட்ட முடியாது. எல்லை 2024 ஜனவரியில் 60 மில்லியன் ஆன பிறகும் பதிவேடு பழைய நிலைக்கு வர நாளெடுக்கிறது. நிறுவனத்தை உடைக்க வேண்டியது ஒரு வாரம், கட்ட வேண்டியது பல ஆண்டு என்பது இங்கே கணக்காகவே தெரிகிறது.

2019இல் உடைத்தபோது விலை உடனே தெரியவில்லை. சந்தை பயந்தது, தர நிர்ணய நிறுவனங்கள் இறக்கின, ஆனால் மத்திய வங்கி அச்சிட்டுக் கொடுத்ததால் உண்டியல் வட்டி ஏறவில்லை. எச்சரிக்கை மணியின் கம்பி அறுக்கப்பட்டிருந்தது. இப்போது யாராவது அதே வரிக்குறைப்பைச் செய்தால் பற்றாக்குறையை ஏலத்தில்தான் திரட்ட வேண்டும், அடுத்த புதன்கிழமையே வட்டி ஏறும். மத்திய வங்கிச் சட்டம் தரும் உண்மையான பாதுகாப்பு இதுவே. அரசியல்வாதியை அது நல்லவனாக்காது; செய்ததன் விலையை ஒரு வாரத்தில் காட்டும்.

2024 செப்டெம்பரில் ஆட்சி மாறியும் ஆளுநர் மாறவில்லை, ஐ.எம்.எஃப் திட்டம் கைவிடப்படவில்லை, முதன்மை மிகை 2.2% வந்தது. முதல் சோதனையில் தேறியது என்று சொல்லலாம். ஐ.எம்.எஃப் கண்காணிப்பு இருக்கும்போது தேறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது 17ஆவது ஐ.எம்.எஃப் திட்டம். 16 முறை கண்காணிப்பு முடிந்ததும் என்ன நடந்தது என்பது பதிவில் இருக்கிறது.

---

துறைமுகத்தெரு

எல்லோரும் உறுதிநிலை பற்றியே பேசுகிறீர்கள். பணவீக்கம் 5%, பற்றாக்குறை கட்டுக்குள், நல்லது. அதனால் வளர்ச்சி வருமா? விழாமல் இருப்பதற்கு அது வழி. வளர்வதற்கு வேறு நிறுவனங்கள் வேண்டும், அங்கே ஒரு செங்கல்லும் நகரவில்லை என்பதே என் வாதம்.

2000ஆம் ஆண்டில் பொருள் ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒன்று. 2016இல் எட்டில் ஒன்று. யுத்தம் நடந்த காலத்தில் 33%, யுத்தம் முடிந்த பிறகு 12.5%! உறுதிநிலைதான் வளர்ச்சி என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

காரணத்தில் பெரிய பங்கு சுங்கவரிக்கு மேல் குந்தியிருக்கும் வரிகளுக்கு. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு பொதுவாக 10%. அதற்கு மேல் செஸ் என்னும் இன்னொரு இறக்குமதி வரி. கணக்குப் பாருங்கள்: 100 ரூபாய் இறக்குமதிப் பொருள். சுங்கத் தீர்வை 20% என்றால் 20. அறவீடு 10. செஸ் 30% என்றால், அது பெறுமதியோடு 10% கூட்டிய 110இன் மேல் போடப்படும், அதனால் 33. வற்றுக்கு முன்பே 63. பெயருக்கு 20% தீர்வை உள்ள பொருளுக்கு உள்ளூர் உற்பத்தியாளர் 63% பாதுகாப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் வெளியே போய் வங்காளதேசத்தோடும் வியட்நாமோடும் போட்டியிட வேண்டும்? கொழும்பில் விற்றாலே கொழுத்த இலாபம். செஸ் பட்டியலை வர்த்தமானியால் கூட்டலாம், குறைக்கலாம், பொருளைச் சேர்க்கலாம், நீக்கலாம். யாருக்குக் கதவு திறக்கும் என்பதை விதி தீர்மானிக்கிறதா, தொலைபேசி அழைப்பு தீர்மானிக்கிறதா என்று நீங்களே யோசியுங்கள்.

வரிச்சலுகையிலும் அப்படியே. மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் (2008இன் 14) 25 ஆண்டு வரை விலக்குக் கொடுக்க இடம் வைத்தது. துறைமுக நகர ஆணைக்குழுச் சட்டம் (2021இன் 11) 40 ஆண்டு வரை. 2023 செப்டெம்பரில் வந்த ஐ.எம்.எஃப் ஆளுகை மதிப்பீடு, ஆசியாவிலேயே முதலாவது, சுட்டிக்காட்டியதும் இந்தத் தன்னிச்சை அதிகாரத்தைத்தான்.

நீதிமன்றம்? உலக வங்கியின் பழைய வணிகச் சூழல் அறிக்கையில் இலங்கையில் ஒரு வணிக ஒப்பந்த வழக்கு முடிய 1,318 நாள். அந்த அறிக்கை தரவுக் குளறுபடியால் 2021இல் நிறுத்தப்பட்டது, தெரியும். நாள் கணக்கைப் பாதியாகக் குறைத்தாலும், 650 நாள் காத்திருக்க முடியாத சிறு வழங்குநர் தெரிந்தவருக்கு மட்டும்தான் கடனுக்குச் சரக்குக் கொடுப்பார். அவருடைய சந்தை அவ்வளவுதான். நிலத்தையும் சொல்லவா? நாட்டின் நிலத்தில் 80% அளவு அரசுடையது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தில் உழுபவர் அதை விரும்பிய வங்கியில் ஈடு வைக்க முடியாது. 8% வட்டி வந்து அவருக்கு என்ன?

---

ஏலப்புதன்

துறைமுகத்தெருவோடு பெரும்பாலும் உடன்பாடு. ஒரு திருத்தம் மட்டும்: செஸ்ஸை எடுப்பதற்கும் உறுதிநிலை வேண்டும். எல்லையில் பிடிக்கும் வரி திணைக்களத்துக்கு இலேசானது, கப்பல் வந்தால் காசு. உள்நாட்டில் வருமான வரி, வற் பிடிக்கத் தெரியாத அரசு செஸ்ஸை விடாது. 2025இல் வரி வருமானம் துள்ளியதில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டதற்குப் பெரிய பங்கு உண்டு, அதுவும் சுங்கத்தில் கிடைத்த காசுதான். ஆகவே இறைவரித் திணைக்களம் முதலில், செஸ் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் முதல் பற்றாக்குறையிலேயே செஸ் திரும்பி வரும்.

பனங்கூடல், வெளியில் இருந்து எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இவை எல்லாம் வெளிப்படையாகக் கிடைப்பவை.

புதன்கிழமை ஏல முடிவில் மூன்று நிரல்: கோரியது, கேள்வி வந்தது, ஏற்றது. ஏற்றது கோரியதைவிடக் குறைந்தால் அந்த வாரமே மத்திய வங்கியின் அரச பிணைய இருப்பைப் பாருங்கள். 2023 செப்டெம்பரில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அதை நீண்டகால முறிகளாக மாற்றிய பிறகு அந்த எண் 2,500 பில்லியனுக்குச் சற்று மேலே கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. பற்றாக்குறை ஏலமும் இந்த எண் ஏறுவதும் ஒன்றாக நடந்தால் சட்டத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாம் நிலைச் சந்தையில் வாங்குவதற்குத் தடை இல்லை. ஓட்டை விழுந்தால் அங்கேதான் விழும்.

இங்கே ஒரு பொறி. 2024 ஒக்டோபரில் மத்திய வங்கி சந்தைக்குத் திரவத்தன்மை கொடுத்ததும் "காசு அச்சடித்துவிட்டார்கள்" என்று கூச்சல் எழுந்தது. அது குறுங்கால நேர்மாற்று மீள்கொள்வனவு: வங்கி பிணையத்தை வைத்துக் காசு எடுக்கும், சில நாளில் திருப்பிக் கட்டி மீட்கும். அரசின் கணக்குக்கு ஒரு சதம் போவதில்லை. ஆனால் அதே வசதி ஓயாமல் புதுப்பிக்கப்பட்டு, அதை எடுத்த வங்கி அந்தக் காசில் புதன்கிழமை உண்டியல் வாங்கினால், பின்கதவு திறந்த மாதிரி. அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். திறந்த சந்தை நடவடிக்கையின் நிலுவை மாதக்கணக்கில் ஒரே பக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

அரச நிதியில் வருமான மதிப்பீட்டையும் ஆண்டு இறுதி உண்மையையும் பக்கத்தில் வையுங்கள், பிறகு மூலதனச் செலவு ஒதுக்கீட்டில் எத்தனை வீதம் செலவானது என்பதை. கணக்குப்பிள்ளை பயப்படும் பக்கவிளைவு அந்த இரண்டாவது எண்ணில் தெரியும்.

கடைசியாக, வெளியாரும் இதே கேள்விக்கு விலை போட்டிருக்கிறார்கள். 2024 டிசெம்பரில் 12.55 பில்லியன் டொலர் சர்வதேச முறிகளை மாற்றியபோது கொடுத்த புதிய முறிகளில் ஒன்று ஆளுகையோடு கட்டப்பட்டது: குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் வட்டி 0.75 சதவீதப் புள்ளி குறையும். வேறு சில வளர்ச்சியோடு கட்டப்பட்டவை: 2025 முதல் 2027 வரை டொலரில் கணக்கிட்ட சராசரி மொத்த உள்நாட்டு உற்பத்தி எதிர்பார்த்ததைத் தாண்டினால் கடன்காரருக்குக் கொடுப்பது கூடும். ரூபாய் பலமாக இருந்தாலே டொலரில் கணக்கிட்ட உற்பத்தி உயரும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். இப்போதைய ஐ.எம்.எஃப் திட்டம் 2027இல் முடிகிறது, கடனின் அசலைத் திருப்பும் சுமை 2028இலிருந்து ஏறுகிறது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் 13% உச்சவரம்புக்கு என்ன நடக்கிறது என்பதை எடுத்து வைத்துக்கொண்டு இந்த இழையைத் திரும்பவும் தொடரலாம்.